நான்காவது பிளேட்

சிவகாசி
3.7.2005

மாப்ளே பைசலுக்கு,

இங்கே நானும் பொன்னுத்தங்கமும் சுகம். உன் சுகத்தைக் கேட்டால் ஒரே வரியில் பதில் எழுதி முடித்துவிடுவாய். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். ஒரு வருஷத்துக்கு மேலாக உன் கடிதம் வருவதே அபூர்வம். வந்தாலும் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. கல்லூரியில் பாதி வகுப்புக்கு ரெக்கார்டு நோட்டு எழுதிக் கொடுத்த கை அது. ஷார்ஜாவில் இசைக்கருவிக் கடைக் குடோனில் பெட்டி அடுக்கி அடுக்கித் தமிழே மறந்துவிட்டதா?

பிரஸ்ஸில் காலண்டர் சீசன் ஆரம்பித்துவிட்டது. புரூஃப் பார்க்கும் வேலை முழுக்க இப்போது என் தலையில். காலையிலிருந்து லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு அச்சான இருக்கன்குடி அம்மன் படத்தைப் புள்ளி புள்ளியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வேன் பாட்டை முடிக்கப் போகிறேன். ஞாபகம் இருக்கிறதா? ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எங்கள் ஊர்ப் பொங்கலுக்கு வந்து தங்கினாயே, அன்று விடியக்காலையில் பட்டாசுக் கம்பெனி வேன் வேலைக்கு ஆள் ஏற்ற ஊர் ஊராக ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. நீ பாயில் உட்கார்ந்தபடியே உன் சின்ன கீபோர்டில் அந்த ஹாரனைப் பிடித்தாய். நான் பக்கத்திலிருந்து, "இங்கன இழுலே, அங்கன விடுலே" என்று சொல்லச் சொல்லப் பாட்டு பாதி வளர்ந்தது. அப்புறம் உனக்கு விசா வந்தது. ஏழு வருஷமாக அந்த வேன் பாதி வழியிலேயே நிற்கிறது.

எனக்குப் பாட்டு மண்டைக்குள் கேட்கும், விரலுக்கு வராது. அதனால் கேட்கிறேன்: நல்ல சிந்தசைசர் ஒன்று வாங்கி வைக்கவா, இல்லை எல்லா வாத்தியமும் உள்ளேயே இருக்கிறது என்கிறார்களே, அந்தக் கம்ப்யூட்டர் சாப்ட்வேர் போதுமா? இரண்டில் ஒன்றுக்குத்தான் வழி. தினமும் அவற்றுக்கு நடுவில் இருப்பவன் நீ, சொல்லு.

உன்
கருப்பணன்


ஷார்ஜா
19.7.2005

அன்புள்ள கருப்பணனுக்கு,

சுகம். எழுத்தைப் பற்றிக் கேலி வேண்டாம். வேலைக்குப் போகும் பஸ்ஸில் மடியில் வைத்து எழுதுகிறேன்.

கேள்வியே தப்பு. சிந்தசைசர்தான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

எங்கள் குடோனுக்குப் போன மாதம் பழைய சிந்தசைசர் ஒன்று வந்தது. அறுபத்தொரு கட்டை, மேலே வரிசையாகக் குமிழ்கள். கடைக்கு வந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரர் அதில் ஒரே ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு குமிழைத் திருப்பினார். முதலில் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கலாக இருந்தது. திருப்பத் திருப்ப அது விடிந்துகொண்டே வந்தது. கையில் அட்டைப்பெட்டியோடு நின்றவன் அதைக் கீழே வைக்கவும் மறந்துவிட்டேன். ஒரு சுரத்துக்குள் இம்புட்டு இடம் இருக்கிறதா என்று அன்று முழுக்கப் பிரமிப்பாகவே இருந்தது.

கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது? கட்டையை அமுக்கினால் கண் சிமிட்டும் நேரம் கழித்துச் சத்தம் வரும். கரண்ட் போனால் செய்தது அத்தனையும் போகும். மவுஸைப் பிடித்துப் பாட்டுப் போடுவது வாத்தியம் வாசிப்பதாகாது, காலண்டருக்கு டிசைன் போடுவதுதான்.

பெருநாள் வரை அந்தப் பெட்டியை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மதுரைக்குச் சாமான் அனுப்புகிறவர்கள் மூலம் வந்துவிடும். அது உன் வீட்டில் இருக்கட்டும். நான் ஊருக்கு வரும்போது உட்கார்ந்து முடித்துவிடுவோம்.

பொன்னுத்தங்கத்துக்கு என் விசாரிப்பு. விருதுநகர் போனால் ஷாஹிதா வீட்டில் எட்டிப் பார். தங்கச்சி ஆயிரம் கேள்வி கேட்பாள், நான் நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்.

பைசல்


சிவகாசி
7.8.2005

மாப்ளே,

கோபப்படாமல் படி. எங்கள் டிசைன் பிரிவில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கழித்துக் கட்டினார்கள். முதலாளி, "ஏலே கருப்பணா, வேணும்னா தூக்கிட்டுப் போ" என்றார். தூக்கி வந்துவிட்டேன். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் பாட்டுப் போடும் சாப்ட்வேரின் மாதிரிப் பதிப்பு இருந்தது. செய்ததைச் சேமித்து வைக்க விடாது, ஒலியாக மட்டும் வெளியே எடுக்கலாம். சும்மா பார்ப்போம் என்றுதான் திறந்தேன்.

பைசல், எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. திரையில் கட்டம் போட்ட தாள். இடப்பக்கம் உன் கட்டைகள் படுத்துக் கிடக்கின்றன. கட்டத்துக்குள் மவுஸால் ஒரு புள்ளி வைத்தால் புல்லாங்குழல் ஊதுகிறது. புள்ளியை நீட்டினால் மூச்சு நீள்கிறது. பதினைந்து வருஷமாகப் புள்ளிகளைப் பார்த்தே பிழைக்கிறவன் நான். ஒரு புள்ளிக்கு வாய் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பொன்னுத்தங்கம் அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "என்னங்க, இந்தப் பெட்டிக்குள்ள யாரு உக்காந்து ஊதுறா?" என்றாள். நான்தான் என்றேன். நம்பவில்லை. அவள் பார்க்க இரண்டு புள்ளி வைத்துக் காட்டினேன். அப்புறம் சோறு பொங்கி வடிந்ததைக்கூட இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

இன்னொரு அதிசயம். புள்ளிகளைக் கோட்டுக்கு நேராக, நூல் பிடித்த மாதிரி வைத்தால் பாட்டில் உயிரே இல்லை. ஒன்றை மயிரிழை முன்னால், ஒன்றைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் மனுஷன் வாசித்த மாதிரி ஆகிறது. பிரஸ்ஸில் இந்த விலகலுக்குத்தான் நான் தினமும் திட்டு வாங்குகிறேன்.

இரண்டு தடவை கரண்ட் போய் எல்லாம் அழிந்தது. அதில் நீ சொன்னது சரி. மறுபடியும் போட்டேன். உன் சிந்தசைசரை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அவசரமில்லை என்று தோன்றுகிறது. ஒன்று கேட்க வேண்டும்: அந்தப் பெட்டியைப் பற்றி அவ்வளவு எழுதினாயே, பிலிப்பைன்ஸ்காரர் வாசித்ததைத்தான் எழுதினாய். நீ வாசிக்கவில்லையா?

உன்
கருப்பணன்


ஷார்ஜா
24.8.2005

கருப்பணனுக்கு,

உன் கடிதம் வந்தது. சந்தோஷம். விரல் இல்லாமலே பாட்டு வந்துவிட்டது என்றால் நான் எதற்கு? பத்து வயதிலிருந்து கட்டையைத் தேய்த்தவன் எல்லாம் முட்டாள். நீ புள்ளி வைத்தே முடித்துக்கொள். பாட்டும் உன்னுடையதாகவே இருக்கட்டும், அந்த ஹாரனும் உங்கள் ஊர் ஹாரன்தானே.

சிந்தசைசரை விற்றுவிடச் சொல்லிவிடுகிறேன். இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

பைசல்


சிவகாசி
15.9.2005

மாப்ளே,

எழுதாதே என்றால் எழுதாமல் இருக்க நீ என்ன என் கம்பெனி முதலாளியா?

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் எனக்கும் கோபம். மூன்றாம் நாள் பிரஸ்ஸுக்கு எடுத்துப் போய் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தொழில் புத்தி, வேறென்ன. கூடவே உன் பழைய கடிதம் ஒன்றையும் வைத்துப் பார்த்தேன். பழையதில் எழுத்தெல்லாம் வலப்பக்கம் சாய்ந்து, மை சுத்தமாக இருக்கிறது. போன வருஷத்திலிருந்து வந்தவற்றில் எழுத்து இடப்பக்கம் சாய்கிறது. வரிக்கு வரி மை வலப்பக்கமாக இழுபட்டிருக்கிறது. எழுதிய ஈரத்தின் மேலேயே கை தேய்த்துக்கொண்டு போனால்தான் அப்படி ஆகும். எங்கள் பிரிவில் லட்சுமிகாந்தம் கையெழுத்துப் போட்டாலும் இதே இழுப்புதான். அவர் இடது கைக்காரர்.

நீ இடது கையால் எழுதுகிறாய், பைசல். வலது கைக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் பஸ்ஸில் எழுதினேன் என்பாய். ஷாஹிதாவிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பொன்னுத்தங்கத்திடம் மட்டும் சொன்னேன். அவள் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பிறகு, "பைசல் அண்ணன் வாசிக்காம இந்தப் பாட்டு எப்படிங்க முடியும்?" என்றாள். அதற்குத்தான் இந்தப் பார்சல்.

இதில் மூன்று சி.டி. இருக்கிறது. ஒன்றில் மேளம் மட்டும், ஒன்றில் புல்லாங்குழல் மட்டும், ஒன்றில் வயலின் மட்டும். எனக்குத் தெரிந்த வழி அதுதான்; கலர்ப் படத்தை அச்சடிக்க நிறத்துக்கு ஒரு தகடாக, அதாவது பிளேட்டாகப் பிரிப்போம். மஞ்சள் பிளேட், சிவப்பு பிளேட், நீலப் பிளேட் என்று தனித்தனியாகப் போட்டேன். மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழ வேண்டுமே, அதற்குத் தாளின் மூலையில் நாங்கள் சிலுவைக் குறி போடுவோம். பாட்டுக்கு எங்கே மூலை? யோசித்து, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு பொட்டு வெடியைக் கல்லால் தட்டிய சத்தத்தை வைத்திருக்கிறேன். மூன்று வெடியும் ஒரே வெடியாகக் கேட்டால் பாட்டு பொருந்திவிட்டது என்று அர்த்தம்.

கறுப்பு பிளேட் போடவில்லை. எங்கள் மெஷினில் கறுப்புதான் கடைசி. மற்ற மூன்றும் விழுந்த பிறகும் அம்மன் முகம் தூங்குகிற மாதிரியே இருக்கும். கறுப்பு விழுந்ததும் கண் திறந்து நம்மைப் பார்ப்பாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த நிமிஷத்தில் என் கை தானாகக் கும்பிடப் போகிறது. இந்தப் பாட்டுக்குக் கறுப்பு நீ பிடித்த அந்த ஹாரன் மெட்டு. அதை எத்தனையோ தடவை நானே வைத்துப் பார்த்தேன். கண் திறக்கவில்லை. எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று சொல்லத்தான் எனக்குத் தெரியும். ஏன் என்று உனக்குத்தான் தெரியும்.

இதற்கு ஒரு விரல் போதும் மாப்ளே. எந்தக் கை விரல் என்று கம்ப்யூட்டர் கேட்பதில்லை.

உன்
கருப்பணன்


ஷார்ஜா
21.10.2005

கருப்பணா,

இது நோன்பு மாதம். மத்தியானம் கடை மூடி இருக்கும், குடோனில் சத்தமிருக்காது. இன்று நிதானமாக, மேசையில் வைத்து, இடது கையால் எழுதுகிறேன். மை இழுபட்டால் இழுபடட்டும்.

போன வருஷம் பிப்ரவரியில் ஒரு பியானோப் பெட்டி தள்ளுவண்டியிலிருந்து சரிந்தது. என் வலது கை அடியில் இருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிழைத்தன. மற்ற மூன்றும் கையோடு இருக்கின்றன, ஆனால் மடங்குவதில்லை. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயம். அந்தச் சிந்தசைசர் உன் வீட்டில் இருந்தால், என்றாவது வாசிப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கலாம், அதற்குத்தான் அவ்வளவு வற்புறுத்தினேன். நீ மவுஸால் புல்லாங்குழல் ஊதியதாக எழுதினாய். அன்று உன்னை வெறுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், வெறுத்தேன்.

பார்சல் வந்ததும் மூன்று நாள் பிரிக்கவில்லை. பிறகு கூட வேலை செய்யும் மலையாளி ஒருவரையும் வங்காளி ஒருவரையும் கூப்பிட்டேன். மூன்று சி.டி. பிளேயர், ஆளுக்கு ஒன்று. ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி அமுக்கினோம். பட், பட், பட் என்று மூன்று வெடி. மறுபடியும் அமுக்கினோம், இரண்டு வெடி. இருவரும் சிரித்தார்கள். நான் என்ன செய்கிறேன் என்று அவர்களுக்குப் புரியவில்லை. ஏழாவது தடவை ஒரே ஒரு வெடி கேட்டது.

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. மேளத்துக்கு மேல் வயலின் வந்தது, அதற்குள்ளிருந்து குழல் எழும்பியது. ஏழாயிரம்பண்ணை ரோடு அந்தக் குடோனுக்குள் வந்தது. வேனுக்குக் காத்து நிற்கும் பெண்கள், தூக்குச்சட்டி இடிபடும் சத்தம், எல்லாம் எனக்குக் கேட்டது. ஹாரன் வர வேண்டிய இடத்தில் மட்டும் வெறுமை. எனக்காக நீ விட்டு வைத்த இடம் என்று தெரிந்ததும் அந்த இருவரையும் இன்னொரு தடவை அமுக்கச் சொன்னேன். கட்டையைத் தொடாத ஒருவன் இதைச் செய்திருக்கிறான் என்றால் சங்கீதம் விரலில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதே இப்போது பெரிய நிம்மதியாக இருக்கிறது.

முதலாளி, பாட்டுப் போடும் சாப்ட்வேர் உள்ள கடைக் கம்ப்யூட்டரை மத்தியானங்களில் தந்தார். ஒன்பது நாள் இடது கையால் புள்ளி வைத்தேன். என் விரல் மறந்துவிட்டது என்று நினைத்த மெட்டு, எங்கே தாமதிக்க வேண்டும், எங்கே முந்த வேண்டும் என்பது முதற்கொண்டு அப்படியே இருந்தது. பிறகு கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஒயரை அந்தச் சிந்தசைசரில் செருகினேன். என் புள்ளிகளை அது வாசித்தது. குமிழைத் திருப்ப இரண்டு விரல் போதுமே. பாட்டு ஓட ஓட, வலது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தேன். விடிந்தது, கருப்பணா.

மறுநாள் அதை ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகட்டும். நம் பாட்டை வாசித்துவிட்டுத்தான் போயிருக்கிறது.

ஷாஹிதாவுக்கும் இன்றே எழுதிவிட்டேன். பொன்னுத்தங்கத்திடம் அண்ணன் வாசித்துவிட்டான் என்று சொல்.

நான்காவது சி.டி.யை இத்துடன் அனுப்புகிறேன். உன்னுடைய மூன்றோடு இதையும் வைத்துக் கேள். இங்கே பொட்டு வெடி கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தொடக்கத்தில் மேசையை ஒரு தட்டுத் தட்டியிருக்கிறேன். மடங்காத அந்த மூன்று விரல்களால் தட்டினேன். உன் வெடியோடு சேர்ந்து விழுகிறதா பார்.

உன்
பைசல்