ரமேஷின் ரம்மிப் பணம்

சனிக்கிழமை, றக்வான தேயிலைத் தோட்டம்.

போனில் ரம்மி ஆடி ஜெயித்த பணத்தில் ரமேஷ் தன் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டான். "இனி எங்கம்மா மலைக்குப் போகாது மச்சான்" என்று லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். இழவு வீட்டுச் சீட்டாட்டத்தில் என்னை ஒருநாளும் ஜெயிக்காதவன்.

என் அம்மா அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டாள்: "நீ அவனவிட நல்லா ஆடுவியே. நீயும் ஆடேன்டா?"

கோபம் வந்தது. காலமெல்லாம் கொழுந்து பறித்தவள் ஓய்ந்து உட்கார இந்த நாட்டில் சூதாட்டம்தான் வழியா?

"அதுல எல்லாரும் தோத்துத்தான் போவாங்கம்மா."

"அவன் தோக்கலையே."

ரமேஷ் நாளைக்கே எல்லாவற்றையும் தோற்க வேண்டும். திங்கட்கிழமை அவன் அம்மா என் அம்மாவோடு மலையேற வேண்டும். அந்த அம்மா எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. இருந்தாலும் ஏற வேண்டும்.