சின்னத் துரையின் கதிரையில் சிவப்பு அட்டை

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். குடையைப் பேராதனை பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

உறுதியானது: பன்விலப் பக்கத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலையைக் கூட்டித் துடைக்கும் செல்வராணி வேலையிலிருந்து இடைநிறுத்தம். சொன்னவர் தோட்டத்தின் தலைமைக் கிளார்க், தொலைபேசியில். பெயர் போட வேண்டாமாம். குற்றம்: சின்னத் துரையின், அதாவது தோட்டத்து உதவி முகாமையாளரின், கதிரையில் சிவப்பு அட்டை ஒட்டியது.

இரண்டு தரம் கேட்டேன். அதுதான் குற்றம்.

கொழும்பிலிருந்து எங்கள் பத்திரிகை ஆசிரியர் கேட்பது வேறு. வெள்ளிக்கிழமை அதே தொழிற்சாலைக்கு ஏதோ விருது. 'ஜப்பானிய முகாமைத்துவத்தின் வெற்றி', அரைப் பக்கம், படத்தோடு. "நல்லா எழுதுங்க அண்ணே, விளம்பரம் தர்றாங்க."

ஜூன் 10, செவ்வாய்

தோட்டத்துக்குப் போனேன். பஸ்ஸில் பாதி வழி நின்றபடி. முழங்கால் வலி.

வாசலில் அந்த ஜப்பானிய முறையைக் கற்றுக்கொடுக்கும் ஆலோசகர். கொழும்புக்காரர், டை, ஜப்பானில் சில வாரம் பயிற்சி. இடுப்பு வரை குனிந்து எனக்கு வணக்கம். பின்னால் தேயிலை மூட்டையோடு வந்தவர் "வழி விடுங்க அய்யா" என்றார். அவருக்குக் குனியவில்லை, நகரவுமில்லை.

உள்ளே எல்லாவற்றுக்கும் இடம் குறித்து மஞ்சள் கோடு. வாளியைச் சுற்றி, விளக்குமாற்றைச் சுற்றி, மாரியம்மன் படத்தைச் சுற்றியும். படத்தின் கீழே 'ஆன்மிகப் பொருள்' என்று எழுத்து. பெண்கள் கக்கூஸுக்கு முன்னால் வரிசையில் நிற்க மஞ்சள் கோடு. கதவுக்குக் கொண்டி இல்லை.

காலையில் எல்லோரும் நெஞ்சில் கை வைத்து, ஒழுங்கு, சுத்தம் பற்றிய ஐந்து ஜப்பானியச் சொற்களை உரக்கச் சொல்கிறார்கள். அர்த்தம் தெரியுமா என்று ஓர் அம்மாவிடம் கேட்டேன். "கோயில்ல அய்யர் சொல்றதுக்கு மட்டும் தெரியுங்களா சார்?"

சிவப்பு அட்டையை ஆலோசகரே விளக்கினார். ஒரு மாதமாக யாரும் பாவிக்காத பொருள் எதுவோ, அதில் ஒட்ட வேண்டும். பிறகு அகற்றிவிடுவார்கள். யாரும் ஒட்டலாம். துரை, தொழிலாளி பேதமில்லை. "இங்கே எல்லாரும் ஒரே குடும்பம்."

செல்வராணி?

"அது ஒழுக்கப் பிரச்சினை."

ஜூன் 11, புதன்

மழை விட்டது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் செல்வராணியைக் கண்டேன். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அந்த வீட்டில் தோட்டத்தில் பேர் பதிந்தவள் இவள் ஒருத்திதான். வேலை போனால் குடியிருக்கும் காம்பராவும் போகும்.

"விளையாட்டுக்கு ஒட்டினீங்களா?"

"இல்லீங்க சார். ஒரு மாசம் யாரும் தொடாத சாமான்னு சொன்னாங்க. அந்தக் கதிரையில தூசி தட்டுறதே நான்தாங்க. சின்ன தொர அதுல ஒக்காந்து நான் பாத்ததேயில்ல. நெறைய ஒட்டுறவங்களுக்கு சோப்பு குடுக்கிறதாவும் சொன்னாங்க."

பக்கத்துக் காம்பரா முனியம்மா: "கதிரையில ஒட்டினதுக்கே இந்தப் பாடு. அவரு முதுகுல ஒட்டியிருந்தா?"

லயமே சிரித்தது. செல்வராணி சிரிக்கவில்லை.

தோட்ட முகாமையாளரான துரை ஒரு வழி வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை எல்லோர் முன்னாலும் 'தெரியாமல் செய்துவிட்டேன், மன்னியுங்கள்' என்று சொன்னால் யோசிப்பாராம். தொழிற்சங்கத் தலைவரும் அங்கே வந்திருந்தார். "சொல்லிட்டுப் போ தங்கச்சி, வாய் என்ன தேஞ்சா போகும்?"

"தெரிஞ்சுதானேண்ணே ஒட்டினேன். அவங்க சொன்னபடிதானே செஞ்சேன்."

சொல்வாளா, மாட்டாளா? அவளுக்கே தெரியவில்லை. மூத்த மகள் கதவோரம் நின்று அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்து வாங்க மறந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

வெயில். விழா. தோரணம், வடை, நீண்ட பேச்சுகள். 'தொழிலாளியின் குரலுக்கு மதிப்பு' என்று ஆலோசகர் பேசினார். நேராக நின்று, கண் சிமிட்டாமல்.

அதற்கு முன், காலை வரிசையில், செல்வராணியைக் கூப்பிட்டார்கள். வந்தாள். நெஞ்சில் கை வைக்கவில்லை.

"ஒட்டினது நான்தான். இனிமே ஒட்ட மாட்டேன்."

அவ்வளவுதான். துரை காத்திருந்தார். அவள் தன் இடத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். துரை ஆலோசகரிடம் ஆங்கிலத்தில், போதாது என்றார். சின்னத் துரை அங்கே இல்லை. மேடைக்குத்தான் நேரே வந்தார்.

மேடையில் கதிரை குறைந்தது. அலுவலக அறையிலிருந்து ஒன்றைத் தூக்கி வந்தார்கள். பிரதம விருந்தினர் அதில் உட்கார்ந்தார். அதன் முதுகில் அட்டையைக் கிழித்த பசை இன்னும் இருந்தது. சின்னத் துரையின் அறையில் போய்ப் பார்த்தேன்: கதிரை இருந்த மஞ்சள் கோட்டுக்குள் வெறும் தரை. பளிச்சென்று துடைத்திருந்தது.

கட்டுரை அனுப்பினேன். கதிரையைப் பற்றி இரண்டு பந்தி. ஆசிரியர்: "அண்ணே, அது எதுக்கு?" அதை எடுத்தால் என் பெயரையும் எடுத்துவிடச் சொன்னேன். தொலைபேசியை வைத்துவிட்டார். ஞாயிறு பத்திரிகையில் தெரியும்.

செல்வராணி மீதான விசாரணை செவ்வாய் காலை. அன்றே முடிவு என்கிறார் தலைமைக் கிளார்க். விசாரிக்கப் போகிறவர் யார் என்று கேட்டேன்.

சின்னத் துரை. அந்த அறையில், அந்தக் கதிரையில்.