ரேடியோ யாருடையது

நெய்வேலி,
19ஆம் பிளாக்.

அன்பு மகள் மணிமொழிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் தம்பி சிலம்பரசனும் நல்ல சுகம், நீயும் பேத்தி அபியும் கனடாவில் சுகமாக இருக்க வடலூர் ஐயாவை வேண்டிக்கொள்கிறேன். மாப்பிள்ளையை விசாரிக்கவில்லையே என்று பார்க்காதே, அவர் கதைக்குத்தான் வருகிறேன். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், மெசேஜ் அனுப்பினால் எடுத்துப் படிக்கிறார், அதனால்தான் இந்த லெட்டரை வீட்டுக்கு அனுப்பாமல் உன் ரேடியோ ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

சிலம்பரசன் கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டது. மூலையில் மஞ்சள் தடவ உட்கார்ந்தவள் ஒன்றைப் பிரித்துப் படித்தேன், உடம்பெல்லாம் எரிந்துபோச்சு. "திரு. இளவழகன், வானொலி நிறுவனர், கனடா" என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே "திருமதி மணிமொழி இளவழகன்" என்று சும்மா போட்டிருக்கிறது. நிறுவனராம். ரொட்டிக் கம்பெனியில் நின்றபடி பாக்கெட் கட்டின சம்பளத்தில் அடுத்தவன் ரேடியோவில் வாரம் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்தவள் நீ. கைக்குழந்தையோடு பனியில் கடை கடையாக ஏறி விளம்பரம் கேட்டாய், முன்பின் தெரியாதவர்களின் மரண அறிவிப்பைக்கூடச் சொந்தக்காரி மாதிரி வாசித்து வாசித்துத்தான் ரேடியோ கேட்கிற சனங்களைச் சேர்த்தாய். அப்போதெல்லாம் "இத எவன் கேப்பான்"னு சொல்லிகினு படுத்துக் கிடந்தவர்தானே இந்த நிறுவனர். இன்றைக்கு அது சொந்த ரேடியோவாகிப் பன்னிரண்டு பேர் உன்னிடம் வேலை பார்க்கும்போது மட்டும் இனிக்கிறதோ.

உன் அப்பாவிடம் காட்டினேன். செகண்ட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிய மனுசன், "மாப்ள பேருல போடறதுதான மரியாத, இதுக்குப் போயி ஏன் கத்தற" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். மைன்ஸில் தான் பார்த்த வேலையை இன்னொருத்தன் பேரில் எழுதினால் இவர் விடுவாரா? நான் விடவில்லை. குள்ளஞ்சாவடிக்கு பஸ் ஏறி பிரஸ்ஸில் போய் நின்று, டைப் அடித்தவன் தப்பு என்று நினைத்து வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டேன். பிரஸ்காரர் வைத்திலிங்கம் பாவம், "எம்மேல ஏங்க கோவப்படறீங்க, உங்க மருமவன்தாங்க இப்படிப் போடச் சொன்னாரு" என்று தன் போனை நீட்டினார். சிலம்பரசன் உன் பேருக்குத்தான் நிறுவனர் என்று சரியாக எழுதிக் கொடுத்திருக்கிறான். அச்சுக்குப் போகுமுன் பார்க்கச் சொல்லி மாப்பிள்ளைக்கு அனுப்பினதற்கு, அவர் மாற்றி எழுதி நேராக பிரஸ்ஸுக்கே அனுப்பி, வீட்டில் சொல்ல வேண்டாம் என்றும் சேர்த்திருக்கிறார்.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். போன வாரம் அவர் குளிக்கப் போன நேரத்தில் நீ போனில் அவசரமாகக் கேட்டாயே, ரேடியோவை அவர் பேருக்கு மாற்றப் பேப்பர் நீட்டுகிறார், அடுத்த மாசக் கடைசிக்குள் கையெழுத்து வேண்டுமாம், போட்டால் சண்டையாவது ஓயும் என்று. நானும் பெரிய மனுசி மாதிரி, புருசன்தானே, யார் பேரில் இருந்தால் என்ன, விட்டுக்கொடுத்துப் போ என்றேன். உன் அப்பாவைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை. அவர் பத்திரிகையைத்தான் விட்டார், நான் ரேடியோவையே விடச் சொன்னேன். அது தப்பு மணி, உன் அம்மா தெரியாமல் சொல்லிவிட்டாள்.

பத்திரிகையை மறுபடி அச்சடிக்கச் சொல்லிவிட்டேன், பழைய கட்டு அடுப்புக்குப் போய்விட்டது. அபியைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடு, குளிரில் தலைக்குப் போடாமல் வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. நீயும் உன் ரேடியோவும் நூறு வருசம் நன்றாக இருக்க வேண்டும். அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதே. ஏன் என்று அவர் கேட்டால் நீ ஒன்றும் பதில் சொல்ல வேண்டாம், அம்மா போடக்கூடாது என்றாள் என்று என்மேல் பழியைப் போட்டுவிடு, நான் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு உன் அம்மா,
பெரியநாயகி