பொட்டலக் கவிதை

மகாபலிபுரம்
5-5-1957

செங்கல்பட்டு வாழ் மச்சான் ஆபிரகாமுக்கு, மளிகைச் சக்கரவர்த்தி பஷீருதீன் எழுதிக்கொண்டது.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நேற்று முற்பகல் எங்கள் கடைப் பூனை மிளகாய்ச் சாக்கில் தவறி விழுந்து, தும்மிக்கொண்டே எழுந்து, கடைத்தெருவை வலம் வந்து, வாசுதேவன் டீக்கடைப் பால் சட்டியில் மூக்கைக் கழுவி அருளியது. உயிர்ச்சேதம் இல்லை. பாலில் மட்டும் கொஞ்சம் காரம். வாசுதேவன் அதை இஞ்சி டீ என்று விற்றுவிட்டார்.

அடுத்து, உன் உத்தரவுப்படி உன் மார்கரெட் அக்காவைக் கவனித்து வருகிறேன். சந்திரம்மா டீச்சர் வீட்டுப் பின்கொட்டகையில் தங்கியிருக்கிறார்கள். காலையில் கடலைப் பார்க்கிறார்கள், மத்தியானம் சுவரைப் பார்க்கிறார்கள், சாயங்காலம் எங்கள் கடைக்கு வந்து அவல் வாங்குகிறார்கள். இவ்வளவு தூரம் வந்து ரதத்தையும் கோயிலையும் விட்டுவிட்டு எதை வரைகிறீர்கள் என்று கேட்டேன். கவிதையை வரைகிறார்களாம். பிரான்சு தேசத்தில் சில கவிஞர்கள் கனவில் வருவதைத் தலையும் வாலும் திருத்தாமல் அப்படியே எழுதுகிறார்களாம். அதைக் கேட்கும்போது மனசில் எழும் நிறத்தை மட்டும் அக்கா தீட்டுவார்களாம். மரம், மாடு, மனிதன் ஒன்றும் இருக்காது. இதற்கு சர்ரியலிசம் என்று பெயர். நான் 'சரியில்லா இசம்' என்று மறுபெயர் சூட்டிவிட்டேன்.

பாவம், கொண்டுவந்த கவிதைப் புத்தகத்தை அலை நனைத்துப் பக்கமெல்லாம் அப்பளக் கட்டாக ஒட்டிக்கொண்டது. "தமிழ்ல அந்த மாரி யார்னா எழுதறாங்களா தம்பி?" என்று கேட்டார்கள். மச்சான், பசித்த புலியிடம் ஆடு வந்து வழி கேட்டால் புலி என்ன செய்யும்?

"கீறாரு அக்கா. எங்க சொந்தக்காரரு. கப்பல்ல வேல. கவிஞர் நூர்முகமது" என்றேன். அப்படி ஒருவர் பூமியில் இல்லை.

அன்றைக்கே அத்தா தொழுகைக்குப் போன சமயம், கண்ணைக் கட்டிக்கொண்டு, பொட்டலம் மடிக்கிற பழைய பேப்பர் சாக்கில் கையை விட்டேன். வந்த துண்டுகளை வந்த வரிசையில் கோத்து எழுதினேன். மாதிரிக்குக் கொஞ்சம்:

ரயில் நேரம் மாறியது, ஆகையால் நிலவு கல்யாணத்துக்கு வரவில்லை.
பற்பொடி வாங்குவோருக்கு ஒரு மலை இலவசம்.
காணாமற்போன எருமை தன்னைத்தானே தேடி வருகிறது.

அத்தா திரும்பி வந்து பார்த்துவிட்டு, "டேய், பொட்டலம் கட்டுன்னா இன்னாடா பாட்டு கட்டிகினு கீற?" என்றார்.

அக்கா கடையிலேயே நின்று படித்தார்கள். முடிக்கும்போது கண்ணில் நீர். பக்கத்தில் வெங்காய மூட்டை இருந்தது உண்மை. ஆனாலும் அந்தக் கண்ணீரை என் கணக்கில்தான் வரவு வைப்பேன்.

அம்மா சௌக்கியம். மைதீன் அண்ணனைக் கடல் கொண்டுபோன நாளில் சாத்திய, கடல் பார்த்த பின்ஜன்னல் இன்னும் திறக்கவில்லை. அம்மா அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. நான் அப்படியா? தினமும் கோயிலுக்கு அப்பால் பாறை வரை நீந்திவிட்டு வருகிறேன். என்னைக் கண்டால் அலையே ஒதுங்கி வழிவிடுகிறது.

இப்படிக்கு,
சாக்குப்பைக் கவிராயன்
பஷீருதீன்


செங்கல்பட்டு
9-5-1957

பஷீருக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பூனை வரைக்கும். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

உனக்கு நான் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. ஜூன் மாதம் பட்டணத்தில் அக்காவின் சித்திரப் பள்ளிக்கூடத்தார் கண்காட்சி வைக்கிறார்கள். போன மாதம் அப்பா ஸ்டேஷன் டூட்டி முடிந்து வந்து, அக்காவின் பழைய படம் ஒன்றைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். "கண்ணு இல்ல, மூக்கு இல்ல, இது இன்னாம்மா படம்?" என்றார். அம்மா எட்டிப் பார்த்து, "செவுத்துல ஈரம் ஊறின மாரி கீது" என்றாள். அக்கா படத்தை வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். ராத்திரி சாப்பாட்டில்தான் சொன்னாள், இந்தக் கண்காட்சியிலும் எடுபடாவிட்டால் தூரிகையைக் கட்டி வைத்துவிட்டு டீச்சர் டிரெயினிங் போய்விடுகிறேன் என்று. சொன்னால் செய்கிறவள். அந்த ஒரு படத்துக்காகத்தான் உங்கள் ஊருக்கு வந்திருக்கிறாள்.

அந்தப் படம் இப்போது உன் பற்பொடியிலிருந்து பிறக்கப் போகிறது. 'தம்பி, இப்படி ஒரு கவிதை என் கையில் கிடைக்கும் என்று நினைக்கவில்லை, படத்துக்குக் கீழே எழுதி ஒட்டப் போகிறேன்' என்று எனக்கு எழுதியிருக்கிறாள். பார்க்க வருகிறவர்களில் ஒரே ஒருவர், 'இது பேப்பரில் வந்த விளம்பரம் அல்லவா' என்று சிரித்தால் போதும், அக்கா அதற்கப்புறம் வரைய மாட்டாள்.

நீ கணக்கு வாத்தியார் நாற்காலியில் கோந்து தடவியபோது முட்டி போட்டது நான். நினைவிருக்கிறதா? அதற்குப் பதிலாக இதைச் செய். நீயே போய்ச் சொல்லிவிடு. வருகிற பத்தொன்பதாம் தேதி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். அதற்குள் நீ சொல்லியிருக்காவிட்டால் நான் சொல்வேன். அப்புறம் உனக்கும் எனக்கும் பேச்சு இல்லை.

ஆபிரகாம்


மகாபலிபுரம்
13-5-1957

மச்சான்,

கார்டில் எழுதுகிறேன். இடையில் படிக்கும் தபால்காரருக்கும் என் சலாம்.

போனேன். வாயையும் திறந்தேன். அதற்குள் கவிதையை என் கையிலேயே கொடுத்து, "சத்தமா படிப்பா" என்றார்கள். அவர்கள் வேலை செய்யும் விதம் அப்படி. ஒருவர் படிக்க வேண்டும், அக்கா தீட்டுவார்கள். நடுவில் ஒரு சாக்குப் படுதா. படம் என் கண்ணில் படக்கூடாதாம். தினமும் போய்ப் படித்துக்கொண்டிருக்கிறேன். எருமைக்கும் மலைக்கும் அக்கா வாயே திறப்பதில்லை. ஓர் இடத்தில் மட்டும் "திருப்பிப் படி" என்கிறார்கள். நான் வேகமாய்த் தாண்டினால் "மெதுவா" என்கிறார்கள். தொண்டை கட்டிவிட்டது. கடற்காற்றுதான், வேறொன்றும் இல்லை.

நாளைக்குக் கட்டாயம் சொல்கிறேன். பூனை நலம்.

பஷீர்


மகாபலிபுரம்
16-5-1957

அன்புள்ள ஆபிரகாம்,

சொல்லிவிட்டேன்.

படுதாவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே சொன்னேன். கவிஞர் நூர்முகமது கிடையாது, கப்பல் கிடையாது, எல்லாம் எங்கள் கடைப் பொட்டலக் காகிதம், உங்களைக் கேலி செய்யத்தான் செய்தேன் என்று. அந்தப் பக்கம் தூரிகை அலசும் சத்தம் நிற்கவில்லை.

"தெரியும்பா. நான் வாங்கின அவலே அந்தப் பற்பொடி பேப்பர்லதான் மடிச்சி வந்துச்சி" என்றார்கள். "அந்தப் பிரான்சுலயும் பேப்பரைத் துண்டு போட்டு, குலுக்கி எடுத்துக் கவிதை பண்றவங்க கீறாங்க. அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா ஒரு எடம் மட்டும் பேப்பர்ல வந்ததில்ல. அங்க வந்தா நீ ஓடற. அதத்தான் நான் போட்டேன். வந்து பாரு."

படுதாவை விலக்கினார்கள்.

மச்சான், பாறையில் செதுக்கிய யானையின் நிழலில் சுண்டல் தின்று வளர்ந்தவன் நான். வெளியூர்க்காரர்கள் வந்து அதைப் பார்த்து வாயைப் பிளக்கும்போது, வாய்க்குள் ஈ போகிறதா என்று பார்ப்பது என் பொழுதுபோக்கு. நேற்று என் வாய்க்குள் எத்தனை ஈ போனதோ தெரியாது.

படம் கொட்டகைச் சுவர் உயரம். கண் இல்லை, மூக்கு இல்லை, அலை கூட இல்லை. முதலில் கறுப்பு என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டே நின்றால் கறுப்புக்குள்ளிருந்து பச்சை வருகிறது, பச்சைக்குள்ளிருந்து ஒரு நீலம், அதற்கும் அடியில், எப்படிச் சொல்வேன், நீரில் மூழ்கி மேலே பார்த்தால் வெயில் தெரியுமே, அந்த வெளிச்சம். நிறத்தோடு நம் கரை மணலையே குழைத்துப் பூசித் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டியிருக்கிறார்கள். அவ்வளவு நிறமும் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கீழே வருகிறது. அங்கே கீழ் மூலையில் ஒரு சின்ன இடத்தில் நிறமே இல்லை. வெறும் துணி. ஒரு பாதம் வைக்கிற அளவு. முழுக் கடலும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே வரத் துணியவில்லை.

எனக்குக் கால் கூசியது. பள்ளிவாசலுக்குள் போவதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டேன். ஏன் என்று கேட்காதே. அக்காவும் கேட்கவில்லை.

உனக்கு நான் காட்டாத வரிகள் இவைதான்:

நல்ல கடல். செருப்பைத் திருப்பித் தந்துவிட்டது.
கால் எங்கே என்று கேட்டால் தூங்குவதுபோல் நடிக்கிறது.

மைதீன் அண்ணன் குளிக்கப் போகும்போது கரையில் கழற்றி வைத்த செருப்பில் ஒன்று திருவிடந்தையில் ஒதுங்கியதே, நீயும் நானும்தானே போய் எடுத்துவந்தோம். சாக்கிலிருந்து எருமை வந்தது, மலை வந்தது. அதற்கப்புறம் கையில் ஒன்றும் அகப்படவில்லை. கண்ணைக் கட்டியபடியே உட்கார்ந்திருந்தேன். அப்போது அது தானாக வந்தது. துணி நனைந்துவிட்டதால் அவிழ்த்துவிட்டு எழுதினேன். இதை யாரையும் ஏமாற்றுவதற்காக எழுதவில்லை. எழுதியது நான்தானா என்று கூட எனக்குச் சந்தேகம்.

படத்துக்குக் கீழே இந்த இரண்டு வரி மட்டும் போதும் என்கிறார்கள் அக்கா. பற்பொடிக்கு இடமில்லை. பெயர் போடலாமா என்று கேட்டார்கள். என் பெயர் வேண்டாம், மைதீன் என்று போடுங்கள் என்றேன். கண்காட்சியில் உங்கள் அப்பா கண்ணும் மூக்கும் எங்கே என்று கேட்டால், பக்கத்தில் நின்று அந்த வரிகளை நானே மெதுவாகப் படித்துக் காட்டுவேன். படம் எடுபடுமா, எனக்குத் தெரியாது. என்னை அது எடுத்துவிட்டது.

ஞாயிறு பஸ்ஸை விட்டுவிடாதே. போட்டுக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை, வேறு காரியம் இருக்கிறது.

தினமும் பாறை வரை நீந்துகிறேன் என்று எழுதினேன் அல்லவா? அதெல்லாம் புளுகு, மச்சான். இந்த இரண்டு வருஷமாய் என் கணுக்கால் கூடக் கடலில் நனையவில்லை. அலை ஒதுங்கவில்லை, நான்தான் ஒதுங்கிப் போகிறேன். நீ வந்தால் ஒரு தடவை இறங்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். முழங்கால் வரைக்கும் போதும். என் கையை மட்டும் விட்டுவிடாதே. வாசுதேவனிடம் சொல்லாதே, ஊரெல்லாம் சொல்லிவிடுவார்.

பஷீர்