அக்காதானே

அக்டோபர் 31

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே யாரும் நலமில்லை. அங்கே உன் மாமனார் வீட்டில் எல்லோரும் நலம் என்று அவர் வாயாலேயே கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை பங்குச் சந்தை திறக்கும் முன்பே நீ வேலை பார்க்கும் தரகர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "என்ன விலை வந்தாலும் என் பங்கையெல்லாம் வித்துடு" என்றேன். "சரிக்கா, விக்கிற சீட்டு எழுதிட்டேன்" என்றாய். சாயங்காலம், "வாங்க ஆளே இல்லக்கா, சந்தை படுத்துடுச்சு" என்றாய். ஊருக்கே வந்த கேடுதானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று உன் மாமனார் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். "மாப்பிள்ளை தங்கமான மனுஷன். நான் பத்து மணிக்கு மேலதான் சொன்னேன். மொத்தத்தையும் வித்துக் கொடுத்துட்டார்" என்றார். அளவு நாடாவைப் பிடித்தபடியே நின்றேன்.

தையல் கொட்டகையைச் சொந்தமாக வாங்க நான் சேர்த்த பணம் அது. முதலில் சொன்னவளின் சீட்டு எங்கே போனது?

அக்கா

*

நவம்பர் 4

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த என் முகத்தைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர் "யார் தவறிட்டாங்க?" என்று கேட்டார். இப்படியா எழுதுவாய்?

இங்கே சீட்டை எழுதிக் கம்பியில் குத்துவோம். குத்திய வரிசையில் சந்தைக்குள் போகும். உன் சீட்டை எழுதினேன், குத்தவில்லை. மதியத்துக்குள் விலை ஏறும், கொஞ்சம் பொறுத்தால் உனக்குத்தான் லாபம் என்று மேசையில் வைத்தேன். மாமனார் பொறுக்க மாட்டார், அவர் சீட்டை உடனே குத்தினேன். அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன் நான். நீ அக்காதானே, பொறுத்துக்கொள்வாய் என்று நினைத்தேன்.

விலை ஏறிய காலமெல்லாம் "என் தம்பி கைராசிக்காரன்" என்று தையல்காரிகளிடம் பீற்றிக்கொண்டது யார்? ஏறினால் உன் சாமர்த்தியம், இறங்கினால் என் துரோகமா?

தம்பி

*

நவம்பர் 9

தம்பிக்கு,

பொறுத்துக்கொள்வேனாமே! என்னைக் கேட்டாயா?

கொட்டகை வேறு ஆள் கைக்குப் போய்விட்டது. எட்டுத் தையல்காரிகளை இன்று வீட்டுக்கு அனுப்பினேன். "வேலை வந்தா எங்களை மறந்துட மாட்டீங்களே?" என்று மூத்தவள் கேட்டாள். வெளியே போன வரிசையிலேயே திரும்பக் கூப்பிடுவதாகக் கையடித்துக் கொடுத்திருக்கிறேன். மிஞ்சிய இரண்டு மெஷினும் இப்போது என் படுக்கையறையில் கிடக்கின்றன.

அம்மா போன பிறகு உனக்கு ஊட்டி வளர்த்தவள் நான். அதை நினைக்கத்தான் வயிறு எரிகிறது. இனி எனக்கு எழுதாதே.

அக்கா

*

ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். வேறு யாருக்கு எழுதுவேன்?

எங்கள் அலுவலகத்தை இழுத்து மூடிவிட்டார்கள். மாமனார் பங்கு விற்ற பணத்தை முழுக்க வங்கியில் போட்டிருந்தார். அந்த வங்கியும் போன மாதம் மூடிவிட்டது. இப்போது நான் மாப்பிள்ளை இல்லை, "இவன்". மாடியைக் காலி செய்யச் சொல்கிறார்.

துணிக்கடைகளில் ஈ ஓட்டுகிறார்கள். உன் வாசலில் மட்டும் கூட்டமாம். புதுச் சட்டை வாங்க வக்கில்லாதவர்களுக்கு நைந்த காலரைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துக் கொடுக்கிறாயாம். காலர் பிரிக்கிற வேலையாவது கொடு. நீ மன்னிக்கக்கூட வேண்டாம்.

என் சட்டை ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். இதைப் போட்டுக்கொண்டு யார் முன்னாலும் வேலை கேட்டு நிற்க முடியவில்லை.

தம்பி

*

ஆகஸ்ட் 22

தம்பிக்கு,

சட்டை வந்தது. காலரைத் திருப்பியிருக்கிறேன், இன்னும் ஒரு வருஷம் உழைக்கும். கூலி வேண்டாம்.

உன் கடிதத்தைப் படித்ததும் "நாளைக்கே வா" என்றுதான் எழுதினேன். என் மேலேயே ஆத்திரம் வந்தது. கிழித்துப் போட்டேன்.

எட்டுப் பேரில் மூன்று பேரைத்தான் திரும்பக் கூப்பிட முடிந்திருக்கிறது. ஐந்து பேர் காத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி தினமும் வந்து கேட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர்கூட வாங்காமல் போகிறாள். அவர்களுக்குப் பின்னால், ஆறாவதாக, உன்னை வைத்திருக்கிறேன். முறை வரும்போது சொல்லி அனுப்புவேன். அதுவரை இந்தப் பக்கம் வராதே.

நீ என் தம்பிதானே, பொறுத்துக்கொள்வாய்.

அக்கா