வளைவில் இரண்டு ஹோர்ன்

அன்பின் அக்கா,

நேற்று நுவரெலியா போய்க் கண்டிக்குத் திரும்பிவிட்டோம். அதே சின்னக் கார்தான். பின்சீட்டில் பைகளுக்கு நடுவே நான்.

புசல்லாவை தாண்டினோம். உங்கள் வீட்டு வளைவு வந்தபோது அப்பா வழக்கம்போல இரண்டு முறை ஹோர்ன் அடித்துவிட்டார். அதைக் கேட்டால் சுதேஷ் அண்ணன் மேட்டிலிருந்து விசிலடித்துக்கொண்டே தேத்தண்ணியோடு இறங்கி வருவாரே.

"என்னங்க, மண்சரிவுல போன வீட்டுக்கா ஹோர்ன் அடிக்கிறீங்க?" என்றாள் அம்மா.

"கை தானா போயிருச்சு."

அப்போது விசில் கேட்டது. அண்ணன் கடைசியில் இழுத்து நிறுத்துவாரே, அதே மாதிரி. அம்மா கார்க் கண்ணாடியை ஏற்றினாள். அப்பா காரை நிறுத்தினார். "காத்து" என்றார். ஆனால் காரை எடுக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. பேய், பிசாசை நானும் நம்புகிறவள் இல்லை. ஆனால் உடல் கிடைக்காமலேயே உன் அண்ணனின் மரணப் பத்திரத்துக்குத் திங்கட்கிழமை நீ கையெழுத்துப் போடப்போகிறாய்.

தோண்டியதெல்லாம் வீடு இருந்த மேட்டில்தான், அக்கா. விசில் பாதைக்குக் கீழே, தேயிலைக்குள்ளிருந்து வந்தது.

உன் சித்தி மகள்