ஃபிளாஷ் இல்லாத கல்யாணம்

அத்திம்பேரே,

நேற்று உங்கள் பெண் பீரோவைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஒரு தோல் உறையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, "சித்தி, இது அப்பாவோடதா, ஒங்களோடதா?" என்றாள். திறந்ததும் பூஞ்சையும் பழந்தோலும் கலந்த மழைக்கால வாசனை. உள்ளே அந்தக் கேமரா லென்ஸ். கண்ணாடி இளம் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. எடை மட்டும் அப்படியே இருக்கிறது. வாங்கியது நீங்கள். பயன்படுத்தியது நான். வந்தது அக்காவுக்காக.

கரமனையில் எங்கள் வீட்டுக்கு நீங்கள் பெண் பார்க்க வந்தது எழுபதுகளின் நடுவில். கப்பலில் ரேடியோ ஆபீசர் மாப்பிள்ளை என்று அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெண்ணின் போட்டோ கேட்டு உங்கள் அம்மா இரண்டு தடவை எழுதியும் நாங்கள் அனுப்பவில்லை. அனுப்பப் போட்டோவே கிடையாது. பதினாலு வயதில், ஸ்டுடியோவில் ஃபிளாஷ் அடித்த அதே நொடியில், அக்காவுக்கு வலிப்பு வந்து நாற்காலியிலிருந்து விழுந்தாள். பிறகு மருந்தில் அடங்கிவிட்டது. பயம் அடங்கவில்லை. வெயிலில் எடுக்கிறேன் என்று நான் எவ்வளவு கெஞ்சினாலும், கேமராவைக் கண்டாலே உள்ளே போய்விடுவாள்.

"கல்யாணம் கழியட்டும், சொல்லிக்கலாம்" என்று அப்பா எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காப்பி கொண்டுவந்த அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு உங்களை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு ஃபிட்ஸ் வந்திருக்கு. இப்பவும் மருந்து சாப்பிடறேன். பளிச்சுனு வெளிச்சம் அடிச்சா பயம். இதை மறைச்சுக் கல்யாணம் பண்ணிக்க எனக்கு முடியாது."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். உங்கள் அம்மா டம்ளரை உதட்டிலிருந்து எடுத்தார். நீங்கள் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டீர்கள்: "அப்போ கல்யாணத்துக்கு ஃபிளாஷ் வேண்டாம், அல்லே?"

உங்கள் அம்மாவைச் சம்மதிக்க வைக்க ஒரு மாதம் ஆனது என்று பின்னால் தெரிந்தது. எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று கடைசி வரை நீங்கள் சொல்லவில்லை.

பிறகு சிங்கப்பூரிலிருந்து எனக்கு ஒரு கடிதம். என்னிடம் இருப்பது என்ன கேமரா, முன்பக்கம் என்ன எழுதியிருக்கிறது, அப்படியே பார்த்து எழுத வேண்டும் என்று. அப்பா அதைப் படித்துவிட்டு, "பாத்தியா, கேமரா வேணும்னு சுத்தி வளைச்சுக் கேக்கறார்" என்று இரண்டு நாள் புலம்பினார். நான் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் குளத்தையும் ஆற்றையும் படமெடுத்துக்கொண்டிருந்தவள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று எனக்கும் புரியவில்லை. ஊருக்கு வந்த உங்கள் நண்பர் ஒருவர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போன அன்றுதான் புரிந்தது. உள்ளே என் கேமராவுக்குப் பொருந்துகிற ஒரு லென்ஸ். கூடவே ஒரு சீட்டு: "ஸ்டுடியோக்காரர் வேண்டாம். நீதான் எடுக்கணும்."

லென்ஸின் முகத்தில் ஒன்று புள்ளி இரண்டு என்று பொறித்திருந்தது. என்னுடைய பழைய லென்ஸைவிட ஐந்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மாட்டியதும் கேமரா முன்பக்கம் சாய்ந்தது. விளக்கேற்றும் நேரம், கூடத்தில் நாற்பது வாட் பல்பு ஒன்றுதான். கண்ணை வைத்துப் பார்த்தேன். அதே கூடம், ஆனால் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி. சுவரில் தொங்கிய காலண்டரில் தேதிகூடத் தெரிந்தது. "அம்மா, இங்கே வாயேன்!" என்று கத்தினேன்.

அந்த உற்சாகத்தோடு மறுநாள் சாயங்காலம் பழவங்காடிக்குப் போய், பிள்ளையார் கோயில் முன்னால் ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். கழுவி வந்த படங்களைப் பார்த்து நொந்துபோனேன். பூக்காரியின் கையிலிருந்த மல்லிகைச் சரம் இழை இழையாகத் தெரிந்தது. அவள் முகம் பாலில் நனைந்த மாதிரி கரைந்திருந்தது. ஒருவரின் மூக்கு தெளிவு, கண் மங்கல். இவ்வளவு வெளிச்சத்தை விடும் லென்ஸ், தெளிவை மட்டும் ஒரு விரல் அகலத்துக்குத்தான் தருகிறது என்று அப்போது மனசிலாயிற்று. மூச்சை அடக்கி, முகத்தில் அருகிலிருக்கும் கண்ணைப் பிடிக்க வேண்டும். சமையலறையில் அம்மாவை வைத்து நாலு ரோல் பழகினேன்.

அக்கா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் அவளே குத்துவிளக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "எடு" என்றாள். எடுத்தேன். அவள் மூடிய கண்ணைத் திறக்கவில்லை.

"எப்போ எடுப்பே?"

"எடுத்தாச்சு அக்கா."

"ஆச்சா? இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள். நானும் கேமராவைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொண்ணு எடு. கண்ணைத் திறந்துண்டு இருக்கேன்" என்றாள்.

கல்யாணத்தன்று நான் சொதப்பியது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஹோமப் புகை, கூட்டம், கண்ணில் நீர். நீங்கள் தாலியை எடுக்கும்போது பின்னாலிருந்து யாரோ இடித்தார்கள். பிரிண்ட் வந்தபோது, மந்திரம் சொன்ன வாத்தியாரின் காது, காதிலிருந்த முடி உட்பட, அப்பழுக்கில்லாமல் விழுந்திருந்தது. நீங்களும் அக்காவும் பின்னால் இரண்டு புகைமூட்டம். இரண்டு நாள் அந்தப் படத்தை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். நீங்களே கேட்டு வாங்கிப் பார்த்தீர்கள். தோள் குலுங்கச் சிரித்தீர்கள்.

"சாரமில்லை, போகட்டும். வாத்தியார் இல்லாம கல்யாணம் நடக்குமோ?"

பிறகு போட்டோக் கட்டைப் புரட்டி ஒரு படத்தில் நின்றீர்கள். மாலையும் கழுத்துமாக அக்கா என்னை நேராகப் பார்த்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்த படம். கண்ணில் துளி பயமில்லை. "இது எனக்கு" என்று பர்ஸில் வைத்துக்கொண்டீர்கள். ஒவ்வொரு துறைமுகத்திலும் அதைக் கப்பல்காரர்களுக்குக் காட்டி "என் மச்சினி எடுத்தது" என்று சொன்னதாக உங்கள் நண்பர் சொன்னார். அக்காவை அல்ல, என்னைப் பெருமையாகச் சொன்னீர்களாம். ஆபீசில் யாரும் என்னை எதற்கும் பெருமையாகச் சொன்னதில்லை, அத்திம்பேரே.

போன வருஷம் ஆஸ்பத்திரியில், ஒரு மத்தியானம். அக்கா உங்கள் கட்டில் ஓரத்தில் தலையை வைத்துத் தூங்கிப்போயிருந்தாள். நீங்கள் கையசைத்து என்னைக் கூப்பிட்டீர்கள். குரல் அப்போதே தேய்ந்திருந்தது.

"அவளை ஒண்ணு எடு. நான் வேண்டாம். நான் பாக்க நன்னால்லை."

ஜன்னல் வெளிச்சம் போதுமானதாக இருந்தது. போனில் எடுத்துக் காட்டினேன். பார்த்துத் தலையாட்டினீர்கள்.

நான் உங்களுக்குக் காட்டியது இரண்டாவது படம். முதல் படத்தில் நீங்களும் இருக்கிறீர்கள். ஊசி குத்திய கை அவள் கூந்தல்மேல் கிடக்க, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் வேண்டாமென்று சொன்னதை மீறி வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அழாமல் உங்கள் பெயரைச் சொல்ல அவளுக்கு வருகிற அன்று, கொண்டுபோய்க் கொடுப்பேன்.